கேட்டுப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

ஸ்தாயியை (ச முதல் மேல் ச வரை) 12 சமக் கூறுகளாகப் பிரித்தால் காந்தாரம் (அந்தர காந்தாரம், மேஜர் தேர்டு) கிட்டத்தட்ட 14 சென்ட் ஏறிவிடுகிறது (ஸ்தாயியின் 1200-இல் ஒரு பங்கு ஒரு சென்ட்). 53 கூறாக்கினால் பஞ்சமம், காந்தாரம் இரண்டுமே சுத்தமான விகிதத்தை (3:2, 5:4) நெருங்குகின்றன, பட்டியலே போட்டுவிட்டேன். பிறகு ஏன் பன்னிரண்டையே கட்டிக்கொண்டு அழுகிறோம்? கீபோர்டு வாசிப்பவர்கள் எல்லோரும் அபஸ்வரமா? சுருதி சேர்க்கும் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸிலிருந்து 432-க்கு இறக்கினால் சரியாகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

432-ஐ விடுங்கள். எல்லாச் சுரத்தையும் சேர்த்து இறக்கினால் விகிதம் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் கடிதம் வந்தபோது கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். பட்டியல் போட்டேன் என்கிறீர்களே, கேட்டுப் பார்த்தீர்களா? அவ்வளவு நீளக் கடிதத்தில் ஓரிடத்திலாவது ‘என் காதுக்கு இப்படி இருந்தது’ என்று உண்டா? எரிச்சல் வந்தது அங்கேதான்.

220 ஹெர்ட்ஸில் ஷட்ஜம் வையுங்கள். விகிதம் பிசகாத காந்தாரம் 275, கீபோர்டில் வருவது 277.18. ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் அதன் மடங்குகளும் மெல்ல ஒலிக்கும். ஷட்ஜத்தின் ஐந்து மடங்கு 1100, இந்தக் காந்தாரத்தின் நான்கு மடங்கு 1108.7. இரண்டும் உரசி நொடிக்கு ஏறக்குறைய 9 விம்மல்கள், அதாவது ஒலி அத்தனை முறை ஏறி இறங்கும். உங்கள் 14 சென்ட் காதுக்குள் இப்படித்தான் படபடக்கிறது. பஞ்சமத்தில் நான்கு நொடிக்கு மூன்று விம்மல்தான், அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

இருபது வயதில் எனக்கும் உங்கள் வெறி இருந்தது. கிட்டாரில் ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் காந்தார இடைவெளி. விம்மல் முற்றிலும் அடங்கும்வரை பி-யை மெல்லத் தளர்த்தினேன். ஜி மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) அப்படியே தேன், ராத்திரி முழுக்க அதையே மீட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் நண்பர்களோடு உட்கார்ந்து ஈ மைனர் பிடித்தேன், எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஜி-யிடம் அடங்கிய விம்மல் இப்போது பி-க்கும் மேல் ஈ கம்பிக்கும் நடுவில், நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது! ஈ-யை இறக்கினால் ஏ-யோடு சண்டை. ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்தில் புடைத்தது. ஒரு மணி நேரம் திருகியும் தீரவில்லை. ஒரு கம்பியும் அறுந்தது.

அன்று புரியாதது இதுதான்: விகிதம் பிசகாத காந்தாரங்கள் மூன்றை அடுக்கினால் ஸ்தாயி நிரம்பாது, 41 சென்ட் குறையும். அதை மூன்றுக்கும் சமமாகப் பங்கு போட்டால் தலைக்கு ஏறத்தாழ 14. உங்கள் 14 அங்கிருந்து வருகிறது. அது யாருடைய கவனக்குறைவும் இல்லை, கீபோர்டுக்காரர்களை ஏன் திட்டுகிறீர்கள்?

கூறு கூடினால் சுத்தமும் கூடும் என்பதும் இல்லை. ஸ்தாயியை 19 கூறாக்கினால் மைனர் தேர்டு (சாதாரண காந்தாரம்) அச்சு அசலாக வரும், பஞ்சமம் 7 சென்ட் இறங்கிவிடும். 31-இல் காந்தாரம் அருமை, பஞ்சமத்துக்கு 5 சென்ட் நஷ்டம்.

53? உங்கள் கணக்கு சரிதான். 53 பஞ்சமங்கள் கிட்டத்தட்ட 31 ஸ்தாயி என்பதைச் சீனாவில் ஜிங் ஃபாங் என்ற இசைக் கணக்கர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார். ஆனால் 65 சென்டிமீட்டர் கம்பியில் ஒரு ஸ்தாயிக்குப் பாதி நீளம்தான். அதில் 53 மெட்டுகள் (விரல் வைக்கும் குறுக்குக் கம்பிகள்) பதித்தால் ஒன்றுக்குச் சராசரி 6 மில்லிமீட்டர். என் விரல் அதைவிடத் தடிமன்.

யாரிடமாவது ஒரு கிட்டார் வாங்கி, அந்த பி கம்பியை மட்டும் தளர்த்திக் கேளுங்கள். நொடிக்கு எட்டு விம்மல் ஐந்தாகும், இரண்டாகும், அப்புறம் நின்றுவிடும். அந்த நேரத்தில் பட்டியல் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

ஆமாம், அந்தப் பட்டியலில் 41 கூறை விட்டுவிட்டீர்கள். பஞ்சமம் அரை சென்ட்கூடப் பிசகாது, போட்டுப் பாருங்கள்.