கல்லீரல் கெட்டியானால் திரும்ப இளகுமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. லாரி ஓட்டுகிறார். பல வருடக் குடியைச் சென்ற மாதம்தான் நிறுத்தினார். நிறுத்திய அதே வாரம் மதுரையில் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். 13.8 வந்தது. ‘ஈரல் கெட்டியாகிவிட்டது’ என்றார்கள். அவருக்கு வலியே இல்லை. இனி இளகாதா?
- வாசகி, வாடிப்பட்டி

பதில்: அம்மா, அவர் குடியை விட்டதுதான் இதில் பாதி வைத்தியம். அதை அவரிடம் சொல்லுங்கள்.

பெயரில் கல் இருந்தாலும் நல்ல கல்லீரல் மெத்தென்றுதான் இருக்கும். ஸ்கேன் கருவி விலா இடுக்கில் லேசாகத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிறது. கெட்டியான ஈரலில் வேகமாக ஓடும். இந்தக் கெட்டித்தன்மையைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள், உங்கள் 13.8-உம் அதுதான். பொதுவாக 7 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் நல்லது. ஈரலுக்குள் வலி நரம்பு இல்லாததால், வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கெட்டித்தன்மை நோயால் வருவது மட்டுமல்ல, அதுவே நோயை வளர்க்கவும் செய்கிறது. ஈரலில் ஸ்டெல்லேட் என்ற செல்கள் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா இருப்பவை. குடியால் மற்ற செல்கள் சாகச் சாக இவை விழித்து, புண்ணை ஆற்ற நார் பின்னுகின்றன. பின்னிய நாரைப் பிடித்து இழுக்கவும் செய்கின்றன. சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முடிச்சை இறுக்கினால் சுற்றியுள்ள துணியும் சுருங்கி வரும், அப்படித்தான். அந்த இறுக்கத்தைப் பக்கத்துச் செல் உணர்ந்து தானும் விழித்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் இதே செல்லைக் கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், சாராயம் ஒரு சொட்டும் படாமலே விழித்துவிடும். மெத்தென்ற ஜெல்லில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். 2007-இல் வெளியான ஓர் எலி ஆய்வில், நார் சேர்வதற்கு முன்பே ஈரல் கெட்டியாகத் தொடங்கியது தெரிந்தது. நான் இந்த நோயைப் பார்க்கும் விதத்தையே மாற்றிய ஆய்வு அது.

சரி, இளகுமா? குடியை அடியோடு விட்டவர்களில் பலருக்கு இந்த எண் குறைகிறது. குடிப்பழக்கம் இருக்கும்போது ஈரல் வீங்கியும் இருக்கும். அந்த வீக்கமும் எண்ணைக் கூட்டிக் காட்டும். அதனால் 13.8 முழுவதும் தழும்பு என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். சில மாதம் கழித்து மறுபடி எடுங்கள், அதற்கு முன் 3 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. ஆனால் தழும்பு முற்றிப்போயிருந்தால் முழுதாகப் பழைய நிலைக்கு வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அதுவரை ‘விசேஷத்துக்கு ஒரு பீர்’ கூட வேண்டாம். சர்க்கரையும் உடல் எடையும் கட்டுக்குள் இருக்கட்டும். கீழாநெல்லி தழும்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எந்த நாட்டு மருந்தானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், வயிறு உப்புதல், பேச்சில் குழப்பம் இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஈரல் எந்தப் பக்கம் போகிறது என்று உங்கள் டாக்டருக்குத் தெரியும்.