பொதுக் கட்டுமானங்களில் சூரிய மின்தகடுகள்: போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: விமான நிலையம், நீரேற்று நிலையம் போன்ற பெரிய பொதுக் கட்டுமானங்களில் சூரிய மின்தகடுகளைப் பொருத்துவது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகுமா?

பதில்: பெரும்பாலும் கட்டுப்படியாகும். தகட்டின் விலை எங்கே பொருத்தினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதைத் தாங்கும் அமைப்புக்கு ஆகும் செலவும், கிடைக்கும் மின்சாரம் அங்கேயே பயன்படுகிறதா என்பதும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. பகல் முழுவதும் குளிர்சாதனங்களும் மோட்டார்களும் ஓடும் இடத்தில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் முழுக் கட்டணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துகிறது. உபரியை வெளியே விற்றால் பல நாடுகளில் அதைவிடக் குறைந்த விலையே கிடைக்கிறது. கொச்சி விமான நிலையம் 2015-இல் 12 மெகாவாட் நிலையத்தைத் தன் வளாகத்தில் சும்மா கிடந்த நிலத்தில் அமைத்தது. பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறும் ஏற்பாடும் சேர்ந்ததால்தான் அத்திட்டம் கட்டுப்படியானது.

கேள்வி: அப்படியானால் சாலைகளிலேயே தகடுகளைப் பதித்துவிடலாமே?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் 2016 டிசம்பரில் 50 லட்சம் யூரோ செலவில் ஒரு கிலோமீட்டர் சூரியச் சாலை திறக்கப்பட்டது. எதிர்பார்த்த மின்சாரம் கிடைக்கவில்லை, சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது. தரையோடு கிடக்கும் தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்க்க முடியாது. அடியில் காற்றோட்டம் இல்லாததால் சூடேறி உற்பத்தி குறையும். டயர்களைத் தாங்குவதற்காகப் போடும் தடித்த மேலுறையே ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். அதே தகடுகளைச் சாலையோரச் சரிவிலோ வாகன நிறுத்தத்தின் கூரையாகவோ வைத்தால் இந்தக் குறைகளில் ஒன்றும் இல்லை.

கேள்வி: கால்வாய்களுக்கு மேல் அமைப்பது?

பதில்: குஜராத்தில் 2012-இல் நர்மதைக் கிளைக் கால்வாயின் மேல் ஒரு மெகாவாட் நிலையம் சுமார் 750 மீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்டது. நிலம் வாங்க வேண்டியதில்லை, நீர் ஆவியாவதும் குறைகிறது. ஆனால் கரைக்குக் கரை இரும்புச் சட்டம் போட வேண்டியிருப்பதால் தரையில் அமைப்பதைவிடச் செலவு கூடும். நிலமும் நீரும் அரிதாக உள்ள இடத்துக்கே இது பொருந்தும்.

கேள்வி: எங்கள் பேருந்து நிலையக் கூரை பழையது. இப்போதே பொருத்தலாமா, காத்திருக்கலாமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ஒப்பந்தப்புள்ளி கோரும் அமைப்புகள் அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். கூரை பத்து ஆண்டுகளில் ஒழுகத் தொடங்கினால் அத்தனையையும் கழற்றி, கூரையைச் சீர்செய்து, மறுபடி மாட்ட வேண்டும், அந்த நாட்களின் உற்பத்தியும் போய்விடும். ஆகவே முதலில் கட்டமைப்புப் பொறியாளரைக் கூரையில் ஏற்றுங்கள்: எடையை மட்டுமன்றி, தகட்டைத் தூக்கியெறியப் பார்க்கும் காற்றின் விசையையும் அவர் கணக்கிட வேண்டும். பராமரிப்புக்கு நடைபாதையும் தண்ணீர்க் குழாயும் வரைபடத்திலேயே இருக்கட்டும். சரிவு குறைவான தகடுகளில் மழைநீர் கீழ்ச்சட்டத்தின் ஓரத்தில் தேங்கி, காய்ந்தபின் விரலகலத்துக்கு ஒரு மண் பட்டையை விட்டுச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். மேலே கண்ணாடி பளபளப்பாக இருக்கும்போதும் கடைசி வரிசைச் செல்களை அது மறைத்து, தகட்டின் உற்பத்தியை அதன் பரப்பளவுக்கு மீறிக் குறைத்துவிடும். தகடு தரும் நேர்மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மாறுமின்சாரமாக்கும் கருவியான இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டிவரும். தகட்டின் திறனும் ஆண்டுக்கு அரை சதவீதம் அளவில் தேயும். இவ்விரண்டும் கணக்கில் ஏறாத திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: சொந்தப் பணத்தில் செய்வதா, தனியார் முதலீட்டில் விடுவதா?

பதில்: குறைந்த வட்டிக்குக் கடனும் பராமரிக்க ஆளும் இருந்தால் சொந்தமாகச் செய்வதே லாபம். இல்லையென்றால், உற்பத்தியாகும் யூனிட்டுக்கு மட்டும் பணம் கொடுக்கும் நீண்டகால ஒப்பந்தம் பாதுகாப்பானது. கூரைப் பழுதின்போது தகடுகளை யார் செலவில் கழற்றுவது என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.