வைடு ஆங்கிள் வெப்கேம்: ஓரங்கள் எங்கே போகின்றன?

கேள்வி: அண்ணா, 120 டிகிரி வெப்கேம் வாங்கினேன். லேப்டாப்பின் கேமரா ஆப்பில் அறை முழுக்கத் தெரிகிறது. பைத்தானில் ஓப்பன்சிவி (படம், வீடியோவைக் கையாளும் நிரல் தொகுப்பு) மூலம் திறந்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்படுகிறது. லென்ஸ் கோளாறா?

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். ஒரு ஃப்ரேமை எடுத்து அதன் ஷேப்பை (அளவை) பிரிண்ட் செய்து பாருங்கள். அநேகமாக 480, 640, 3 என்று வரும் (உயரம்தான் முதலில், இதில் குழம்பாத ஆளே இல்லை; கடைசி 3 நிறங்களுக்கு). நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஓப்பன்சிவி பெரும்பாலும் 640×480-தான் கேட்கும். அது 4:3. உங்கள் கேமரா ஆப் காட்டுவது 16:9. பல கேமராக்கள் 4:3 கேட்டால் இரு ஓரத்தையும் நறுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் அனுப்பும். அகலத்தில் கால்வாசி அங்கேயே போச்சு. கேமராவைத் திறந்ததும் அகலம் 1920, உயரம் 1080 என்று செட் செய்யுங்கள். அப்புறம் கெட் கட்டளை போட்டு, உண்மையில் என்ன அளவு வந்தது என்று சரிபாருங்கள். அந்த அளவு கேமராவில் இல்லாவிட்டாலும் எரர் வராது. சத்தமில்லாமல் வேறு அளவு வந்து உட்காரும்.

இன்னொன்று: பெட்டியில் போடும் 120 பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது. பக்கவாட்டில் அதைவிடக் குறைவுதான்.

கேள்வி: 1920 வைத்தேன், முழுசாகத் தெரிகிறது. ஆனால் வீடியோ விட்டுவிட்டு ஓடுகிறதே?

பதில்: கணக்குப் போடுங்கள். சுருக்காத ஒய்யுஒய்வி வடிவத்தில் பிக்சலுக்கு 2 பைட். ஒரு ஃப்ரேம் 4 எம்பிக்கு மேல். நொடிக்கு 30 என்றால் சுமார் 124 எம்பி. யுஎஸ்பி 2.0 ஏட்டளவில் தாங்குவதே 60 எம்பி. ஃபோர்சிசி-யை (வீடியோ வடிவத்தைச் சொல்லும் நான்கெழுத்துக் குறியீடு) எம்ஜேபிஜி என்று மாற்றுங்கள், கேமராவே சுருக்கி அனுப்பும். மாற்றியும் அசையவில்லையா? சில டிரைவர்களில் ஃபோர்சிசி-யை அளவுக்கு முன்னால் வைத்தால் எடுக்கும், சிலவற்றில் பின்னால். நான் ஒருமுறை இதற்காக அரை நாள் தொலைத்தேன்; கடைசியில் இரண்டு வரியை மேலும் கீழும் மாற்றியதும் ஓடியது.

கேள்வி: சார், எனக்கு ஷேப் 1080, 1920 என்றுதான் வருகிறது. ஆனாலும் வலது ஓரமும் கீழ்ப்பக்கமும் காணோம்.

பதில்: உங்கள் திரை 1366×768-ஆ? படம் முழுசாகத்தான் இருக்கிறது, விண்டோ திரைக்கு வெளியே போயிருக்கிறது. நேம்டு விண்டோ கட்டளையில் விண்டோ நார்மல் என்ற ஃபிளாக் கொடுத்து விண்டோவை முதலில் திறந்து, 1280×720-க்கு ரீசைஸ் செய்துவிட்டு, அதே விண்டோவில் இம்ஷோ (படத்தைக் காட்டும் கட்டளை) போடுங்கள்.

கேள்வி: ஓரத்தில் கதவு வளைந்து தெரிகிறது. செஸ்போர்டு படத்தை வைத்து காலிபரேட் செய்து (லென்ஸின் வளைவை அளந்து), அதை நேராக்கும் அன்டிஸ்டார்ட் போட்டேன். கதவு நேரானது, ஆனால் பாதிக் கதவைக் காணோம்!

பதில்: கெட் ஆப்டிமல் நியூ கேமரா மேட்ரிக்ஸ் என்ற ஃபங்ஷனில், எவ்வளவு ஓரம் தங்க வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபாவுக்கு 0 கொடுத்திருப்பீர்கள். அது கறுப்பு ஓரம் வராமல் வெட்டிவிடும். 1 கொடுங்கள், எல்லாப் பிக்சலும் தங்கும், மூலையில் கறுப்பு வரும். ஆள் எண்ணுவது மட்டும்தான் வேலை என்றால், நானாக இருந்தால் கதவை வளைந்தபடியே விட்டுவிடுவேன்.