வெளிநாட்டில் அளவெடுத்துக் கட்டிய மிதிவண்டியும் சுங்கவரியும்: கேள்வி பதில்

சென்னையில் சுங்கத் தரகராக, அதாவது பலரும் அழைக்கும் பெயரில் கிளியரிங் ஏஜென்டாகப் பணியாற்றுகிறேன். நானும் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவன். தங்கள் உடலளவுக்கென்றே ஒரு வண்டியைக் கட்டச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள், அது விமான நிலையச் சரக்ககத்துக்கு வந்த பிறகுதான் வரியைப் பற்றி விசாரிக்கிறார்கள். வரியின் பெரும்பகுதி, முன்பணம் அனுப்பும் நாளில் எழுதப்படும் காகிதத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதால், வந்த கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்தே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயா, இத்தாலியில் கட்டப்படும் ஒரு ஸ்டீல் மிதிவண்டியை எங்கள் ஊர்க் கடை மூலமாக விமானத்தில் தருவிக்கிறேன். வண்டியின் விலை சுமார் 3 லட்சம் ரூபாய். மொத்தத்தில் எவ்வளவு வரி ஆகும்?

முதலில் அந்த 3 லட்சத்தில் இத்தாலியின் 22 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றுமதியாகும் பொருளுக்கு அந்த வரி கிடையாது. எனவே அதை நீக்கிய விலையில் இன்வாய்ஸ் தரும்படி தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். கேட்காவிட்டால், இத்தாலிக்குச் செலுத்த வேண்டியிராத வரியைச் செலுத்துவதோடு, அந்த வரியின் மீதும் இங்கே வரி கட்ட நேரும்.

வரி நீங்கிய விலையே 3,00,000 என்றும், விமானக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 50,000 என்றும் கொள்வோம். சுங்கத்துறை 3,50,000 ரூபாயின் மீதுதான் வரியைக் கணக்கிடும். சுங்கக் கட்டண அட்டவணையில் முழு மிதிவண்டி 8712 என்னும் தலைப்பில் வருகிறது. 2012 பட்ஜெட்டில் இதன் சுங்கவரி 10 சதவீதத்திலிருந்து 30 ஆகவும், 2023இல் 35 ஆகவும் உயர்ந்தது. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியை 20 சதவீதமாகக் குறைத்து, வேளாண் உட்கட்டமைப்பு மேம்பாட்டு வரி என 15 சதவீதத்தைச் சேர்த்தார்கள். அடிப்படை வரியின் மீது வசூலிக்கப்பட்டுவந்த 10 சதவீதச் சமூக நலக் கூடுதல் வரி முழு மிதிவண்டிக்கு 2023இலேயே நீங்கிவிட்டது. ஆக, 70,000 ரூபாயும் 52,500 ரூபாயும் சேர, தொகை 4,72,500 ஆகிறது. இதன் மீது ஜிஎஸ்டி; 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கு அது 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால் 23,625 ரூபாய். மொத்த வரி 1,46,125 ரூபாய், அதாவது 41.75 சதவீதம். 2024இல் இதே வண்டி வந்திருந்தால் 51.2 சதவீதம், அதாவது 1,79,200 ரூபாய் கட்டியிருப்பீர்கள்.

விமானக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும், மதிப்பில் சேர்வது பொருளின் விலையில் 20 சதவீதம் வரைதான். மிதிவண்டிப் பெட்டி எடையில் குறைவு, இடத்தில் அதிகம். எனவே கட்டணம் அந்த வரம்பைத் தாண்டுவது எளிது. கப்பலில் வருவதற்கு இந்த வரம்பு பொருந்தாது. மாற்று விகிதமும் உங்கள் வங்கியின் விகிதம் அன்று. சுங்கத்துறை அவ்வப்போது அறிவிக்கும் விகிதம்.

கேள்வி (திருச்சி): கடையில்லாமல் நானே என் பெயரில் கூரியரில் வரவழைத்தால்?

வரவழைக்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்பவருக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. அடையாளச் சான்றுகள் போதும். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்காக அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்கென்று 9804 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. வேறோர் இடத்தில் அந்தப் பொருளுக்குக் குறிப்பான தலைப்பு இருந்தாலும் இந்தத் தலைப்பு அடங்கிய அத்தியாயமே பொருந்தும் என்று கட்டண அட்டவணையின் குறிப்பே சொல்கிறது. இதன் அடிப்படை வரியும் ஜிஎஸ்டியும் 8712இலிருந்து வேறானவை. அடிப்படை வரியை 20இலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட் உரை அறிவித்தது. ஆகவே வண்டி புறப்படும் முன்பே, எந்தத் தலைப்பில் தாக்கல் செய்யப் போகிறார்கள் என்று கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, இரு தலைப்புகளின் அன்றைய விகிதத்தையும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். தாக்கல் செய்து வரியும் கட்டிய பிறகு தலைப்பை மாற்றுவது நீண்ட வேலை.

கேள்வி (மதுரை): உதிரி பாகங்களுக்கு வரி குறைவு என்கிறார்கள். வண்டியைப் பிரித்து அனுப்பச் சொன்னால் உதிரி பாகமாகக் கணக்காகுமா அண்ணா?

ஆகாது. வகைப்பாட்டு விதி 2(அ) இதற்கென்றே இருக்கிறது. பிரித்து அனுப்பினாலும், ஓரிரு பாகங்கள் குறைந்திருந்தாலும், முழுப் பொருளின் இன்றியமையாத தன்மை இருந்தால் அது முழுப் பொருளாகவே கருதப்படும். பெடலையும் சீட்டையும் கழற்றி வைப்பதால் மிதிவண்டி உதிரி பாகமாகிவிடுவதில்லை.

நேர்மையான வழி ஒன்று உண்டு. அளவெடுத்துக் கட்டும் வண்டியில் நான் பெரிதும் பரிந்துரைப்பதும் அதுவே. உங்களுக்கென்று கட்டப்படுவது ஃபிரேமும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும்தான். குரூப்செட் (கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு), சக்கரங்கள், டயர்கள் எல்லாம் எந்த நாட்டிலும் கிடைக்கும் பொதுச் சரக்கு. ஃபிரேமை மட்டும் வெளிநாட்டில் கட்டச் சொல்லி, மற்றவற்றை இங்குள்ள கடையில் வாங்கி, நல்ல மெக்கானிக்கிடம் பூட்டிக்கொள்ளுங்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் 8714 தலைப்பில் வருகின்றன: அடிப்படை வரி 20, சமூக நலக் கூடுதல் வரி 2, இவை சேர்ந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி 5, ஆக 28.1 சதவீதம். விகித வேறுபாட்டை விட முக்கியமானது, வரி விதிக்கப்படும் தொகையே பாதியாகக் குறைந்துவிடக்கூடும் என்பது. குரூப்செட்டுக்கு உள்ளூர் உத்தரவாதமும் கிடைக்கும்.

கேள்வி (சென்னை): கட்டுபவரே "பாதி விலை எழுதித் தருகிறேன்" என்கிறார். எல்லோரும் செய்வதுதானே?

தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவெடுத்துக் கட்டிய வண்டிக்குச் சந்தையில் ஒப்பிடத்தக்க விலை எளிதில் கிடைக்காது என்பதால், அதிகாரி இன்வாய்ஸைச் சந்தேகிப்பது இயல்பு. மதிப்பீட்டு விதி 12இன் கீழ் அவர் ஆதாரம் கேட்கும்போது, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன தொகை இன்வாய்ஸைப் போல இரு மடங்காக இருந்தால் சொல்வதற்கு எதுவும் இராது. சுங்கச் சட்டத்தின் 111(எம்) பிரிவின்படி வண்டி பறிமுதலுக்கு உள்ளாகலாம். மீட்கும் தொகையும் அபராதமும் தனி. வழியில் ஃபிரேம் உடைந்தாலும் காப்பீடு அந்தப் பாதி விலைக்குத்தான் கிடைக்கும்.

உண்மையான விலையை எழுதி, அதை நிறுவும் தாள்களைத் தயாராக வையுங்கள். ஃபிரேம், ஃபோர்க், பெயின்ட், பாகங்கள் என்று தனித்தனியாக விலையிட்ட இன்வாய்ஸ், முன்பணத்துக்கும் மீதிப் பணத்துக்கும் வங்கிச் சான்று, ஆர்டரை உறுதி செய்த மின்னஞ்சல், ஃபிரேமின் வரிசை எண் ஆகியவை இருந்தால் கேள்வி வந்தாலும் விரைவில் தீர்ந்துவிடும். தாள் தேடிக்கொண்டிருக்கும்போது நாள்கள் ஓடும். பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதி அறிவிப்பைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதற்குப் பின் 10,000 ரூபாயும் கட்டணம் உண்டு. சரக்ககத்தின் டெமரேஜும், அதாவது தாமதத்துக்கான வாடகையும், அதனோடு சேரும்.

கேள்வி (புதுச்சேரி): உடலளவு எடுப்பதற்குக் கட்டுபவர் தனியாகக் கட்டணம் வாங்கினார். என்னிடமிருந்த குரூப்செட்டையும் பூட்டுவதற்காக அவருக்கு அனுப்பியிருக்கிறேன். இவற்றுக்கும் வரி உண்டா?

உண்டு, அம்மா. வண்டியை விற்பதற்கு நிபந்தனையாக அவரிடமே செலுத்திய கட்டணம் எந்தப் பெயரில் இருந்தாலும் விலையின் பகுதிதான். நீங்கள் இலவசமாகக் கொடுத்த குரூப்செட்டும் மதிப்பீட்டு விதி 10இன்படி வண்டியின் மதிப்பில் சேரும். இது பலருக்கும் தெரியாத விதி. இன்வாய்ஸில் அந்தப் பாகங்கள் இல்லாமல் பெட்டியில் இருந்தால், மறைத்ததாகவே தோன்றும். ஆகவே "வாங்குபவர் தந்தவை" என்று மதிப்போடு குறிப்பிடச் சொல்லுங்கள். இன்னும் பூட்டவில்லையென்றால், அடுத்த பயணத்தில் கையோடு எடுத்து வருவது மேல். இங்குள்ள உள்ளூர் அளவையாளரிடம் அளவெடுத்துக்கொண்டு அந்த எண்களை அனுப்பியிருந்தால், அவருக்குக் கொடுத்த கட்டணத்துக்கு இந்தச் சிக்கல் எழுந்திராது.

கேள்வி (தஞ்சாவூர்): லண்டனிலிருக்கும் அண்ணன் பரிசாக அனுப்பினால் வரி இல்லைதானே?

இருக்கிறது. பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. முழு வரியும் கட்ட வேண்டும். பரிசு என்று எழுதுவதால் பயனில்லை.

கேள்வி (சேலம்): ஜப்பானில் கெய்ரின் மிதிவண்டிப் பந்தயத்துக்குக் கட்டிய பழைய ஃபிரேம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

வாங்கும் முன் நில்லுங்கள், தம்பி. பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதி, மூலதனப் பொருள்கள் நீங்கலாக, கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது; அனுமதிப் பத்திரம் இல்லாமல் வந்தால் வரி கட்டத் தயாராக இருந்தாலும் விடுவிக்க மாட்டார்கள். ஜப்பானில் புதிதாகக் கட்டச் சொன்னால் இந்தத் தடையில்லை. 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் சலுகை கோரவும் இயலும். ஆனால் அதற்கு முறையான பிறப்பிடச் சான்று வேண்டும். 2020 முதல், பொருள் அங்கேதான் உருவானது என்பதற்கான விவரங்களையும் இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். ஒற்றை ஃபிரேமுக்கு அந்தச் சான்றைப் பெற்றுத் தரக் கட்டுபவர் முன்வருவாரா என்பதை ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலூர்): 2027இல் பாரிஸ் பிரெஸ்ட் பாரிஸ் என்னும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்துக்கு என் வண்டியைக் கொண்டுபோகிறேன். திரும்பும்போது மறுபடியும் வரி கேட்பார்களா?

கேட்காமலிருக்க, புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் வண்டியைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுச் செல்லுங்கள். அதில் வரிசை எண் இடம்பெற வேண்டும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் இதைச் செய்ய வேண்டும் என்பதால் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். முதல் இறக்குமதியின் பில் ஆஃப் என்ட்ரி நகலும் கையில் இருக்கட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): ஃபிரேமில் விரிசல் விழுந்துவிட்டது. கட்டியவர் இலவசமாகச் சரிசெய்து தருகிறார். முழு மதிப்புக்கும் திரும்ப வரி கட்ட வேண்டுமா?

பழுதுபார்ப்புக்காக வெளியே போய் அதே பொருள் திரும்பி வந்தால், 45/2017 எண்ணுள்ள சுங்க அறிவிக்கையின்படி, பழுதுபார்ப்புச் செலவு, இரு வழிக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றின் மீது மட்டும் வரி கட்டினால் போதும். வேலை இலவசமானாலும் அதன் நியாயமான மதிப்பைக் கட்டியவர் எழுதித் தர வேண்டும். அனுப்பும்போதே ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதி அறிவிப்பில் "பழுதுபார்ப்புக்காக" என்ற குறிப்பும் வரிசை எண்ணும் பதிவாக வேண்டும். சாதாரணக் கூரியரில் குறிப்பில்லாமல் அனுப்பினால், திரும்பி வருவது அதே ஃபிரேம்தான் என்று நிறுவ வழியிராது. அவர் பழையதைச் சரிசெய்யாமல் புதிய ஃபிரேம் அனுப்புவதாக இருந்தால் இந்த அறிவிக்கை பொருந்தாது. எனவே எதைச் செய்யப் போகிறார் என்பதை இப்போதே எழுத்தில் பெற்று, அதற்குப் பின் பெட்டியைக் கட்டுங்கள்.