பால் ஒத்துக்கொள்ளவில்லை, தயிர் மட்டும் சரியாக இருக்கிறதே?

வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று இரைந்து, இளகிப் போகிறது. தயிர்சாதத்துக்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள். அந்தத் தயிர்தான் துப்பு. பெரும்பாலும் இது லாக்டோஸ் செரியாமை, அதாவது பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காமல் போவது. பால் அலர்ஜி என்றால் தயிருக்கும் வந்திருக்கும்.

200 மில்லி பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் உண்டு. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலின் உள்சுவரில் சுரக்கிறது. வயது ஏற ஏறப் பலருக்கு அது குறைந்துவிடும். இது நோயல்ல. உடையாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், அதனால் பேதி. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும், அதனால் வாயு. தயிரில் உறை பாக்டீரியா கொஞ்சம் லாக்டோஸைத் தின்றுவிடுகிறது. மீதியை உடைக்கவும் உள்ளே போய் உதவுகிறது.

பாலைச் சுண்டக் காய்ச்சிப் பயனில்லை. லாக்டோஸ் ஆவியாகாது, செறிவுதான் கூடும். பால்கோவா படுத்துவது அதனால்தான்.

இரண்டு வாரம் பால், பால் காபி, பால் இனிப்பு மூன்றையும் நிறுத்துங்கள். தயிர், மோர், நெய் இருக்கட்டும். அடங்கினால், பிறகு 50 மில்லியில், சாப்பாட்டோடு சேர்த்து ஆரம்பித்து, சில நாளுக்கொருமுறை கூட்டிப் பாருங்கள். பலருக்கு ஒரு வேளைக்கு அரை டம்ளர் தாங்கும். உறுதி வேண்டுமென்றால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது; செரிக்காத லாக்டோஸ் புளிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனை மூச்சில் அளப்பார்கள்.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். நேரே குடல் மருத்துவரிடம் போங்கள்.