இன்லாண்டும் கார்டும்

அன்புள்ள சார்,

எங்கள் பள்ளியில் 1990-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. 83 பேர். நான்தான் அட்மின். போன மாதம் ஒரு நண்பன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைப் போட்டான். அரை மணி நேரம் கழித்து இன்னொருவன், தன் அப்பா இறந்துவிட்டதாகத் தகவல் போட்டான். அதற்கு நேர் கீழே மூன்றாமவன் ஒருவன், 'ரொம்ப சந்தோஷம்டா, குடும்பத்தோட வந்துடறோம்' என்று எழுதினான். ஒரே ரகளை. இரண்டு பேர் அவனைக் கண்டபடி திட்டினார்கள். ஐந்து பேர் குழுவைவிட்டே போய்விட்டார்கள். நான் அவனை நீக்கிவிட்டேன். இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க 14 விதிகள் எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா? செய்தியோடு ஸ்மைலி போடுவதைக் கட்டாயமாக்கினால் குழப்பம் குறையுமா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

விதிகளைப் படித்தேன். காலை வணக்கப் படங்களுக்குத் தடை போட்டது நல்ல காரியம், பல போன்கள் பிழைத்துக்கொள்ளும். அரசியல், சாதி, மதம் பேசக்கூடாது என்பது எல்லாக் குழுவிலும் இருக்கிற விதி. அடுத்த தேர்தல் வரை தாங்கும். மீதி பன்னிரண்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஸ்மைலி பிறந்ததே உங்களுடையதைப் போன்ற ஒரு ரகளையில்தான். 1982-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினி வழியாக அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று அறிவிப்புப் போலவே ஒரு கேலி எழுதினார். சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். செப்டம்பர் 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர், விளையாட்டாக எழுதும்போது ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு, ஒரு அடைப்புக்குறி :-) போட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னார். சரி, நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சண்டை குறைந்ததா? கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகத்தை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2015-ன் சொல்லாகவே அறிவித்தார்கள். என் சித்தி இன்றுவரை அதை அழுகிற முகம் என்று நினைத்து ஒவ்வொரு இரங்கல் செய்திக்கும் போடுகிறாள். கட்டாயமாக்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்ததற்குக் காரணம் வேறு. 'அவனுக்கு போன் செய்தேன்' என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடினேன். இல்லை. கூடப் படித்தவனின் அப்பா செத்ததைக் கேட்டு ஒருவன் சந்தோஷப்படுவானா? ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? பஸ்ஸிலோ மலைப்பக்கமோ, சிக்னல் இல்லாத இடத்தில் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் பதில் அனுப்பியிருப்பார். சிக்னல் கிடைத்த பிறகு அது கிளம்பியிருக்கும். அதற்குள் உங்கள் போன்களில் மரணச் செய்தி வந்து உட்கார்ந்துவிட்டது. அவருடைய போனில் அந்த வரி பத்திரிகைக்குக் கீழேயேகூட இருந்திருக்கலாம். எதற்குத் திட்டுகிறார்கள் என்றே புரியாமல் அந்த மனுஷர் விழித்திருப்பார். அதற்குள் நீங்கள் நீக்கியும்விட்டீர்கள். அதுவும் குழுவே பார்க்க.

இந்த 'பார்க்க' என்பதில்தான் என் மனம் நிற்கிறது. சில வாரங்களாக அப்பாவின் பழைய பெட்டியை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று என் கையில் ஒரு தபால் கார்டு இருந்தது. அந்தக் காலத்து 15 பைசா கார்டு.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இன்லாண்டு என்பது மடித்து ஒட்டுவது, பெயர் உள்ளவர் மட்டும் பிரிப்பது. கார்டு திறந்தது. தபால்காரர் படிப்பார், திண்ணையில் இருப்பவர் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரி 'என்ன விசேஷமாம்?' என்பாள். அதனால் எதைக் கார்டில் எழுதலாம், எதற்கு இன்லாண்டு என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தை பிறந்தது கார்டு. மாப்பிள்ளை வீட்டார் மனத்தாங்கல் இன்லாண்டு. கடனைக் கார்டில் கேட்டால் அது கேட்பதே இல்லை, அவமானப்படுத்துவது.

அப்பா ஒரு தடவை பெரியப்பாவுக்கு மணியார்டர் அனுப்பினார். வாங்கியவர் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு திரும்பி வரவேண்டும். வரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டதோ என்ற கவலையில் ஒரு கார்டு எழுதிப் போட்டார். 'அனுப்பிய பணம் கிடைத்ததா இல்லையா? ஒரு பதிலும் இல்லையே.' அவ்வளவுதான். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரே வாசலில் நின்று உரக்கப் படித்துவிட்டுப் போனார். வாசலில் யார் யாரோ இருந்திருக்கிறார்கள். தம்பி பணம் அனுப்பித்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது என்பது தெருவுக்கே தெரிந்துபோனது. பெரியப்பா நாலு வருடம் எங்களோடு பேசவில்லை.

'கிடைத்ததா இல்லையா' என்று இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கவலையோடு ஒரு தடவை, போலீஸ்காரர் மாதிரி ஒரு தடவை. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். 'சரி' என்ற சொல்லும் அப்படித்தான். நேரில் அதற்குப் பத்துப் பொருள் உண்டு. போனில் தனியாக வந்து விழுந்தால் கோபம் ஒன்றுதான் தெரிகிறது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-ல் மின்னஞ்சலை வைத்து இதைச் சோதித்தார்கள். நாம் எழுதுவது கிண்டலா நிஜமா என்பது படிப்பவருக்கு 100-க்கு 78 தடவை புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 தடவைதான். பூவா தலையா போட்டாலே 50 வரும். எழுதுகிறவன் காதில் அவனுடைய குரலே கேட்டுக்கொண்டிருக்கிறது. அது மற்றவருக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறான். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

நாலாவது வருடம் அத்தை மகளின் காதுகுத்துக்கு எல்லோரும் போனோம். சாப்பாடு முடிந்து பெரியப்பா சட்டைப்பையிலிருந்து இந்தக் கார்டை எடுத்தார். நடுவில் ஓட்டை இருந்தது, கடிதம் குத்தி வைக்கும் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறார். அப்பாவிடம் நீட்டி, 'படி' என்றார். அப்பா படித்தார். எப்போதும் பேசுகிற அந்த இழுத்த குரலில். பெரியப்பா கொஞ்ச நேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். 'நீ படிச்சா சரியாத்தான்டா இருக்கு' என்றார். கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அப்படித்தான் இது அப்பா பெட்டிக்கு வந்திருக்கிறது.

நீங்கள் செய்ததும் அந்தத் தபால்காரர் வேலைதான். அவராவது தெரியாமல் செய்தார். ஒரு போன் போட்டு, 'மாத்தி விழுந்திருக்குடா, பாரு' என்று தனியாகச் சொல்லியிருந்தால் அவரே பதறிப்போய் அப்பாவை இழந்த நண்பரைக் கூப்பிட்டிருப்பார். நீங்கள் நல்ல மனிதர்தான். இல்லாவிட்டால் இதை நினைத்து ஒரு மாதம் தூங்காமல் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் 14 விதி எழுதிய நேரத்தில் பாதியில் அந்த போனைப் பேசி முடித்திருக்கலாம்.

இன்றைக்கே கூப்பிடுங்கள். அந்த வரியை அவர் வாயால் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மன்னிப்பை மட்டும் குழுவிலேயே எழுதுங்கள், நீக்கியதும் அங்கேதானே. திட்டிய இரண்டு பேரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது, விடுங்கள்.

திரும்பச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். நானாக இருந்தால் வரமாட்டேன்.