முதல் முதலீட்டு வீடு: ஃபேமிலி டிரஸ்ட்டில் அப்பா, அம்மா பெயரைச் சேர்க்கலாமா?

நீடாமங்கலத்திலிருந்து சிட்னிக்கு வந்து, பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கி, ஐடி வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கப் போகிறேன். ஃபேமிலி டிரஸ்ட் வைத்து வாங்கினால் வரி மிச்சம் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவையும் அதில் சேர்த்தால் வாடகையில் அவர்களுக்கும் ஒரு பங்கு போகும். செய்யலாமா அண்ணா?"

வேண்டாம் தம்பி. மாதச் சம்பளம், பெரிய கடன், பெற்றோர் ஊரில். இந்த மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு முதல் வீட்டில் ஃபேமிலி டிரஸ்ட் பாரம்தான். நான் சொல்வது சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கணக்கு, 2025 விதிப்படி.

திருவாரூர்ப் பக்கம் கோயில் கட்டளை நிலம் பார்த்து வளர்ந்தவருக்கு டிரஸ்ட் புதிதல்ல. நிர்வாகம் ஒருவரிடம், பலன் வேறொருவருக்கு. ஃபேமிலி டிரஸ்ட்டில் அந்த ஆண்டு வருமானம் யாருக்கு எவ்வளவு என்று ஜூன் 30-க்குள் டிரஸ்டி, அதாவது டிரஸ்ட்டை நிர்வகிப்பவர், முடிவு செய்யலாம். சம்பாத்தியம் இல்லாத மனைவி பேரில் காட்டினால் வரி குறையும். ஆபீஸில் சொல்லும் மிச்சம் இதுதான். ஆனால் பிரித்துக் கொடுக்க முதலில் லாபம் வர வேண்டுமே! கடன் வாங்கி வாங்கும் வீட்டில் தொடக்க வருடங்களில் பெரும்பாலும் நஷ்டம்தான் நிற்கும். உங்கள் சம்பளம் ஒன்றரை லட்சம் டாலர், வட்டியும் செலவும் வாடகையைவிட 12,000 டாலர் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு சொந்தப் பெயரில் இருந்தால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்து, 37 சதவீத அடுக்கில் 4,440 டாலர் வரி குறைக்கலாம். டிரஸ்ட்டில் இருந்தால் நஷ்டம் வெளியே வராது. என்றைக்காவது டிரஸ்ட்டுக்கு லாபம் வரும்வரை உள்ளேயே கிடக்கும்.

நில வரியும் அப்படித்தான். தனிநபருக்கு நிலத்தின் மதிப்பு 10,75,000 டாலர் வரை வரி இல்லை. ஃபேமிலி டிரஸ்ட்டுக்கு அந்த விலக்கு கிடையாது, முதல் டாலரிலிருந்தே 1.6 சதவீதம். நிலம் ஆறு லட்சம் என்றால் வருடா வருடம் 9,600 டாலர்.

இனி அப்பா, அம்மா விஷயம். எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இதுதான். நம் ஊரில் பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும், எல்லோருக்கும் பாத்தியம் உண்டு. அந்தப் பழக்கத்தில் பெற்றோரைச் சேர்க்க நினைப்பது இயல்பு. ஆனால் பலன் பெறக்கூடியவர்களில் ஒரே ஒருவர் வெளிநாட்டவர் என்றாலும், இங்கே அந்த டிரஸ்ட்டே வெளிநாட்டவர் ஆகிவிடும். அவருக்கு ஒரு காசும் கொடுக்காவிட்டாலும் அப்படித்தான். வாங்கும்போது கூடுதல் முத்திரை வரி 9 சதவீதம், பிறகு ஆண்டுதோறும் கூடுதல் நில வரி 5 சதவீதம். ஒன்பது லட்சம் டாலர் வீட்டுக்கு முதலிலேயே 81,000, அப்புறம் ஆறு லட்சம் மதிப்புள்ள நிலத்துக்கு வருடம் 30,000. 2023-இல் இந்தியா-ஆஸ்திரேலியா வரி ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி இந்தியக் குடிமக்களுக்கு இந்தக் கூடுதல் வரிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. அதை நம்பி யாராவது தைரியம் சொன்னால் கேட்காதீர்கள். 2024 ஏப்ரலில் மறுபடி வந்துவிட்டது.

பெயர் எழுதாவிட்டால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் போதாது. பொதுவாகப் பத்திரத்தில் "உறவினர் அனைவரும்" என்று அகலமாகவே எழுதியிருக்கும். வெளிநாட்டவர் யாரும் எக்காலத்திலும் பலன் பெற முடியாது, இந்த விதியைத் திருத்தவும் முடியாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அதாவது வரியிலிருந்து தப்ப, ஊரில் இருக்கும் அப்பாவை நீங்களே விலக்கி எழுத வேண்டும்.

அத்தனையும் தாண்டி அப்பாவுக்குப் பங்கு கொடுத்தாலும், இங்கே வசிக்காதவருக்கு 18,200 டாலர் வரியில்லா வரம்பு கிடையாது. முதல் டாலரிலிருந்தே 30 சதவீதம். அவர் பேரில் கணக்குக் காட்டிவிட்டுப் பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகுங்கள். வரித்துறை வருமான வரிச் சட்டத்தின் 100ஏ பிரிவின் கீழ் அதைத்தான் தேடுகிறது.

அப்பாவுக்குச் செய்ய நேர்வழி இருக்கிறது. வரி கட்டிய உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்புங்கள். மகன் கொடுக்கும் அன்பளிப்புக்கு இந்தியாவில் அவருக்கு வருமான வரி இல்லை, இங்கே உங்களுக்கும் இல்லை. குறுவைக்கு உழவுக்கூலி கொடுக்கவோ மருந்து வாங்கவோ அது உடனே கைக்கு வரும். டிரஸ்ட் பங்கு அப்படி வராது.

டிரஸ்ட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொந்தத் தொழில் செய்பவருக்கும், வழக்கு வரக்கூடிய மருத்துவருக்கும் சொத்துப் பாதுகாப்புக்காக அது பயன்படும். அண்ணன் தம்பி இருவர் பணம் போட்டு வாங்கினால், பங்கு தெளிவாக இருக்கும் யூனிட் டிரஸ்ட்டைப் பற்றி விசாரிக்கலாம்.

இன்னும் ஒன்று. பி.ஆர். இருந்தாலும், வாங்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 200 நாளாவது ஆஸ்திரேலியாவில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே வெளிநாட்டவர் கணக்கில் வருவீர்கள். அம்மாவைப் பார்க்க ஊரில் அரை வருடம் தங்கிவிட்டு வந்திருந்தால், நாளை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீடு யார் பெயரில் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறகு டிரஸ்ட்டுக்கு மாற்றினால் முத்திரை வரி இன்னொரு முறை, விற்றதாகக் கருதி ஆதாய வரியும் வரும். வீடு காட்டும் ஏஜென்டிடம் இதைக் கேட்காதீர்கள். டிரஸ்ட் விற்காத ஒரு அக்கவுண்டன்ட்டிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். பெற்றோர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பதை அவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.